வெற்று வேகனுக்கு ஒரு சுமை

வங்கிப் பணியில் இருப்போர்க்குப் பணியிட மாறுதல் புதியதன்று. சத்தீஸ்கர் மாநிலம் பிலாயில் மூன்றாண்டுகள் பணியாற்றிய பின், கோவாவின் மட்காவ் நகருக்கு மாறுதல் பெற்று நாங்கள் குடும்பத்துடன் வந்து சேர்ந்தோம். ஆறாம் வகுப்பில் படித்துவந்த எங்கள் மகளுக்கு அந்த மாறுதல் எளிதாக இல்லை. தோழிகளைப் பிரிந்த வருத்தத்தில் புதிய பள்ளியில் எவருடனும் பேசாதிருந்தாள். பிறந்தநாள் பரிசாக முன்பு வாங்கித் தந்த மாதிரி ரயில் மட்டுமே அவளுக்குத் துணை. ஒரு மாலை, வட்டப் பாதையில் சுற்றிவந்த அந்தச் சரக்கு வண்டியைப் பார்த்தபடி, "அப்பா, இந்த வண்டி எங்கே போகிறது?" என்று கேட்டாள்.

எங்களிடம் விடை இல்லை. வண்டியில் இருந்த நான்கும் சுவரும் கூரையுமற்ற தட்டை வேகன்கள். அவற்றில் சுமை ஏதும் இல்லை. சுமை இல்லாத வண்டிக்குச் சேருமிடமும் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதற்கு விடை தேடி நாங்கள் செய்து கற்றவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம். புணேயில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள் இப்பொழுதுபோக்கின் ஈர்ப்பை முன்பே அறிந்திருப்பார்கள்.

அளவே முதற்படி

மாதிரி ரயில்களில் பெரிதும் புழங்குவது எச்.ஓ. எனப்படும் அளவு. உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு என்பது இதன் பொருள். அதாவது, ஒரு மீட்டர் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். எந்தச் சுமையைச் செய்ய நினைத்தாலும், முதலில் உண்மைப் பொருளின் நீள, அகல, உயரங்களை அறிந்து 87ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கணக்கைத் தவறவிட்டால், எத்துணை நேர்த்தியாகச் செய்தாலும் சுமை பொம்மையாகவே தோன்றும்.

எளிய எடுத்துக்காட்டு கொள்கலன். 20 அடிக் கன்டெய்னர் ஒன்றின் நீளம் சுமார் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். மாதிரியில் இவை முறையே 70, 28, 30 மில்லிமீட்டர் ஆகும். பழைய அழைப்பிதழ் அட்டையை இந்த அளவில் வெட்டிப் பெட்டியாக ஒட்டி, பக்கங்களில் நெளிவுள்ள தாளை ஒட்டினால் போதும். செங்காவி, நீலம் ஆகிய நிறங்கள் பொருந்தும். 40 அடிக் கன்டெய்னருக்கு நீளத்தை மட்டும் 140 மில்லிமீட்டராகக் கொள்ளலாம். வேகன் ஒன்றில் 20 அடிப் பெட்டிகள் இரண்டோ, 40 அடிப் பெட்டி ஒன்றோ அமையும்.

இடமன்று, எடையே எல்லை

வேகனில் இடமிருக்கும் மட்டும் சுமையை நிரப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை, நாங்களும் செய்தோம். எஃகுச் சுருள்களை ஏற்றியபோது, ஒரே வேகனில் ஏழு சுருள்களை நெருக்கி அடுக்கினோம். பிலாயில் கண்ட வண்டிகளில் சுருள்கள் அப்படி இல்லை என்று மகள்தான் சுட்டிக்காட்டினாள். கணக்கிட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கியது.

1.65 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் எஃகுச் சுருள் சுமார் 17 டன் எடையிருக்கும். அச்சு ஒன்றுக்கு 22.9 டன் தாங்கும் பாதையில், நான்கு அச்சு வேகன் சுமையோடு சேர்த்து 91 டன்னுக்குச் சற்று மேல் வரையே இருக்கலாம். வேகனின் சொந்த எடையைக் கழித்தால் இத்தகைய சுருள்கள் மூன்றை ஏற்றுவதே முறை. ஆகவே உண்மை வேகனில் சுருள்களுக்கிடையே தளம் வெறுமையாகத் தெரியும். இரு முனைச் சக்கரத் தொகுதிகளும் எடையைச் சமமாகத் தாங்கும்படி அவை பிரித்து வைக்கப்படும். மாதிரியிலும் அந்த வெற்றிடத்தை விட்டால்தான் பார்ப்பவர் மனத்தில் 'இது கனமான பொருள்' என்னும் எண்ணம் தோன்றும்.

சுருளைச் செய்வதும் எளிதே. 14 மில்லிமீட்டர் அகலமுள்ள காகிதப் பட்டையை ஒரு பென்சிலின்மேல் இறுகச் சுற்ற வேண்டும். பென்சிலின் தடிமனான 7 மில்லிமீட்டர், சுருளின் நடுத்துளைக்கு ஏற்ற அளவு. சாதாரணத் தாளானால் துண்டுகளை ஒட்டி இரண்டரை மீட்டர் நீளம் சுற்றினால் 19 மில்லிமீட்டர் விட்டம் கிடைக்கும். பென்சிலை உருவிவிட்டு, வெளிப்புறத்தில் சாம்பல் வண்ணம் பூசி, குறுக்கே மெல்லிய கறுப்புத் தாளைக் கட்டுப்பட்டையாக ஒட்டலாம். உருண்டுவிடாமல் இருபுறமும் தீக்குச்சித் துண்டுகளை ஆப்பாக வைக்க வேண்டும்.

வளைவில் வளையும் தண்டவாளம்

பிலாய் எஃகு ஆலையின் பெயரை நினைத்தாலே நினைவுக்கு வருவது தண்டவாளம். 13 மீட்டர் தண்டவாளம் மாதிரியில் 149 மில்லிமீட்டர். மீட்டருக்கு 60 கிலோ என்ற கணக்கில் ஒன்றின் எடை 780 கிலோ. எழுபத்தைந்து தண்டவாளங்களே 58 டன்னைத் தாண்டிவிடும். எஞ்சிய மாதிரித் தண்டவாளத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வரிசைகளுக்கிடையே குறுக்குக் கட்டையாக ஈர்க்குச்சிகளை வைத்தால் இச்சுமை தயார்.

இதனினும் வியப்பானது, பிலாயிலிருந்து புறப்படும் 260 மீட்டர் நீளத் தண்டவாளம். பல வேகன்களின்மேல் நீண்டு கிடக்கும் அது, வண்டி வளைவில் திரும்பும்போது தானும் வளைந்து கொடுக்கும். எஃகு அவ்வாறு நெளிவதைக் கண்ட குழந்தை அதை மறப்பதில்லை. மாதிரியில் அதன் முழு நீளம் மூன்று மீட்டர். எங்களிடம் இருந்த நான்கு வேகன்களின் நீளத்திற்கு மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டிக்கொண்டோம். அவற்றை எல்லா வேகன்களிலும் ஒட்டியதால் முதல் வளைவிலேயே வண்டி தடம் புரண்டது. நடு வேகனில் மட்டும் இறுக்கி, மற்றவற்றில் முன்னும் பின்னும் நகர இடம் விட்டதும் தடையின்றி ஓடியது.

லாரிகளும் தார்ப்பாயும்

மட்காவ் வந்த பின் எங்களுக்குக் கிடைத்த புதிய சுமை லாரி. கொங்கண் ரயில்வே 1999ஆம் ஆண்டு முதல் சரக்கு லாரிகளை அப்படியே தட்டை வேகன்களில் ஏற்றிச் செல்கிறது. ஓட்டுநரும் உடன் பயணம் செய்கிறார். பொம்மை லாரி வாங்குவோர் அதன் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும். 29 மில்லிமீட்டருக்கு அருகில் இருந்தால் பொருந்தும். அதனினும் பெரிதாயின் வேகனைவிட்டுப் பிதுங்கி நிற்கும்.

உருவம் செய்யக் கடினமான இயந்திரங்களுக்குத் தார்ப்பாய் நல்ல துணை. மரத்துண்டுகளை அடுக்கி, பசையும் நீரும் சம அளவில் கலந்த கரைசலில் நனைத்த மெல்லிய காகிதக் கைக்குட்டையை அதன்மேல் போர்த்த வேண்டும். உலர்ந்ததும் மடிப்புகள் அப்படியே நிலைக்கும்; பின்னர் கரும்பச்சை வண்ணம் பூசி, தையல் நூலால் கட்டலாம். எச்சுமையாயினும் மேற்பகுதி இலேசாகவும், அடிப்பகுதி கனமாகவும் இருப்பது நன்று. வேகனில் நேரடியாக ஒட்டாமல், மெல்லிய அட்டைமேல் செய்து எடுத்து வைக்கும்படி அமைத்தால், ஏற்றிச் சென்ற வண்டி இறக்கிவிட்டுத் திரும்புவதையும் காட்டலாம்.

சரக்குக்கு ஒரு ரசீது

எந்தச் சரக்கும் ஆவணமின்றிப் புறப்படுவதில்லை என்பதை வங்கியில் இருப்போர் அறிவோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ரயில்வே ரசீதைச் சரக்கின் உரிமை ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. விற்பவர் அதனை வங்கியின் வழியே அனுப்ப, வாங்குபவர் பணம் செலுத்தி ரசீதைப் பெற்று, அதைக் காட்டிச் சரக்கை எடுப்பது நெடுநாளைய வணிக முறை. எனவே ஒவ்வொரு சுமைக்கும் ஒரு சிற்றட்டை எழுதினோம்: அனுப்புநர், பெறுநர், புறப்படும் இடம், சேருமிடம், சரக்கு, எடை. வட்டத்தில் சுற்றிய வண்டிக்கு அன்று முதல் நோக்கம் பிறந்தது.

தண்டவாளத்தை இறக்கிய வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டுமா என்று மகள் கேட்டாள். தானே ஒரு கன்டெய்னரை ஏற்றி, அட்டையில் 'மட்காவ் முதல் பிலாய் வரை. சரக்கு: முந்திரி' என்று எழுதி, பெறுநர் இடத்தில் தன் தோழியின் பெயரைக் குறித்தாள். அந்த அட்டையையும் உண்மையான முந்திரிப் பொட்டலம் ஒன்றையும் அஞ்சலில் அனுப்பினோம். இரண்டு வாரங்களில், சரக்கு வந்து சேர்ந்ததாகக் கையொப்பமிட்ட அட்டை திரும்பி வந்தது. அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றவள், அடுத்த ஞாயிறன்று வகுப்புத் தோழியர் இருவரை வீட்டிற்கு அழைத்து வந்தாள். லாரிகளுக்கு வண்ணம் பூச ஆள் போதவில்லையாம்.