நம்பிக்கையே மூலதனம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தரத்தை நாக்கே சொல்லிவிடும். கடவுச்சொற்களைக் காக்கும் செயலியின் தரத்தை வாங்குபவரால் அவ்வாறு அறிய இயலாது. விற்பவர் மட்டுமே தரம் அறிந்த சந்தையிலிருந்து நல்ல சரக்கு விலகிவிடும் என்று 1970-இல் விளக்கினார் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப்.

ராஜபாளையத்து இளைஞர் ஒருவர் வீட்டிலிருந்தே இத்தகைய செயலியை உருவாக்கிவிடலாம். கூகுள் பிளே தளத்தில் பதிவுக் கட்டணம் 25 டாலர் மட்டுமே. ஆனால், முன்பின் அறியாத ஒருவரிடம் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை யார் ஒப்படைப்பார்?

இதற்கு வழிகாட்டியவர்கள் உண்டு. ஜெர்மனியின் டொமினிக் ரைக்கல் 2003-இல் கீபாஸ் செயலியை இலவசமாக வெளியிட்டார்; அதன் மூலநிரலை எவரும் படித்துச் சோதிக்கலாம். அமெரிக்காவின் கைல் ஸ்பியரின் 2016-இல் தொடங்கிய பிட்வார்டனும் மூலநிரலை மறைக்கவில்லை. அடிப்படைச் சேவை இலவசம், கூடுதல் வசதிகளுக்கே கட்டணம். மாறாக, பெரிய நிறுவனமான லாஸ்ட்பாஸிடமிருந்து 2022-இல் வாடிக்கையாளர்களின் மறையாக்கம் செய்யப்பட்ட பெட்டகங்கள் களவுபோயின. நிறுவனத்தின் அளவு பாதுகாப்புக்கு உத்தரவாதம் அன்று.

வெளியார் தணிக்கைக்குச் செலவு அதிகம். தனி நிரலாளரால் அது உடனே இயலாது. மூலநிரலை வெளிப்படுத்துவதற்கும், தரவை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியைத் தருவதற்கும் பெருஞ்செலவில்லை. அவர் நாளை தொழிலைக் கைவிட்டாலும் வாடிக்கையாளர் தவிக்கக் கூடாது. இவ்விரண்டும் இல்லாத செயலியை, அது நம் ஊர்க்காரருடையதே ஆயினும், வாங்காதிருப்பதே நலம்.