கார் நண்பருடையது, ஓட்டுவது நீங்கள்: காப்பீடு யாருக்கு?

"ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வேலைக்குப் போறோம். பெட்ரோல் செலவு பாதிப் பாதி. இன்சூரன்ஸையும் ரெண்டு பேர் பேர்ல போட்டுக்கலாமா?" தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் தங்கி மெப்ஸுக்கோ சிறுசேரிக்கோ போய் வரும் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

நேரடியான பதில் இதுதான்: காரைப் பகிர்ந்துகொள்ளலாம், பாலிசியைப் பகிர முடியாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பாலிசி இருக்க வேண்டும். அதில் பெயர் இல்லாத நண்பரை பாலிசியில் உரிமையாளராகச் சேர்க்க வழியில்லை.

நண்பர் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். குடும்பத்தினர் மட்டுமே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உரிமையாளரின் அனுமதியும், அந்த வகை வண்டிக்கான நடப்பு ஓட்டுநர் உரிமமும் இருந்தால் போதும். நண்பர் ஓட்டும்போது வேறொருவர் மீது கார் மோதிவிட்டால், அவருக்கான இழப்பீட்டை உங்கள் மூன்றாம் நபர் காப்பீடே ஏற்கும்.

இந்தக் காப்பீடு இல்லாமல் கார் ஓடினால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஓட்டுபவரோடு, ஓட்ட விட்டவரும் பொறுப்பு. உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

காருக்குள் இருப்பவர்களுக்கு?

பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். 'உரிமையாளர்-ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு ரூ.15 லட்சம். பாலிசி வாசகப்படி அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கானது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர். அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் தீர்ப்பளித்துள்ளது. அதாவது, நண்பர் தன் தவறால் விபத்தில் சிக்கினால், அதே காரின் மூன்றாம் நபர் காப்பீட்டில் அவர் குடும்பம் இழப்பீடு கேட்க முடியாது.

பக்கத்து சீட்டில் வருபவர் நிலை? மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், சொந்த காரில் பயணிப்பவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. முழுமையான பேக்கேஜ் பாலிசியில் உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

அதனால் தினமும் சேர்ந்து போகிறவர்கள் பேக்கேஜ் பாலிசி எடுங்கள். 'பெயர் குறிப்பிடாத பயணிகள்' விபத்துப் பாதுகாப்பையும் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஓட்டும் நண்பர் தன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

இதில் கவனம்

வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு விட்டாலோ, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினாலோ அது பாலிசி விதிமீறல். க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

நண்பரின் கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு நினைவிருக்கும். கார் மூழ்கினால் க்ளெய்ம் கேட்க வேண்டியவர் உரிமையாளர்தான். அவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது.

நண்பருக்கே விற்றுவிட்டால்?

"நம்ம பையன்தானே, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் நீடிக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கார் பல கை மாறியிருந்த வழக்கு அது. பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தது மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை.

• விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் (மாநிலத்துக்குள் விற்றால்). வாங்கியவருக்கு 30 நாட்கள். படிவங்கள் 29, 30. பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

• வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு போகும். சொந்தச் சேதப் பாதுகாப்பு தானாக மாறாது.

• க்ளெய்ம் கேட்காததற்கான 'நோ க்ளெய்ம் போனஸ்' காருக்கு அல்ல, ஆளுக்கு. விற்றவர் அதைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணை அழைக்கலாம். சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இன்றே எம்-பரிவாஹன் செயலியைத் திறந்து ஆர்.சி.யில் உள்ள பெயரையும், பாலிசி முடியும் தேதியையும் பாருங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலை அதுதான்.