செவியும் நாவும் மாநில எல்லையும்

குற்றாலத்தில் அருவியாடிச் செங்கோட்டை வழியாய் மேற்கே ஆரியங்காவுக் கணவாய் ஏறுவோர் சிறிது பொழுதிற்குள் கேரள மாநிலத்திற் புகுந்துவிடுவர். செங்கோட்டைதானும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. இவ்வாறு இடம் மாறவல்ல எல்லைக்கோடு ஒன்று, செவிப்புலன் குன்றிய குழந்தைக்குப் பேச்சுப் பயிற்றும் வல்லுநரைத் தடுக்குமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம். இளமையிற் கைவராத மொழியைப் பின்னர் ஈடுசெய்தல் மிகவும் அரிதாதலின், இது சிறு விஷயமன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது தடையாகவே இருந்து வந்தது. ஆங்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே உரியது. வல்லுநர் தம் இல்லத்திலிருந்தே கணினித் திரை வாயிலாகப் பயிற்றினும், குழந்தை இருக்கும் மாநிலமே தொழில் நடைபெறும் இடமாகக் கொள்ளப்படும். இவ்விடரைக் களையவே மாநிலங்கள் தம்முள் ஓர் உடன்படிக்கை வகுத்தன. 2021இல் பத்தாவது மாநிலம் சேர்ந்ததும் அது உயிர்பெற்றது.

நம் நாட்டில் அத்தகைய உடன்படிக்கைக்கு இடமே இல்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே பதிவேட்டை ஏற்படுத்திற்று. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்திற் பயின்று அதிற் பெயர் பதிந்தவர் தென்காசியிலும் தொழில் நடத்தலாம், புனலூரிலும் நடத்தலாம். பதியாது நடத்துவார்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அன்றி இரண்டுமே என அச்சட்டம் விதித்தது. (அத்தொகை இந்நாளில் யாரை அச்சுறுத்தும் என்பது ஐயமே!)

ஆயினும் எல்லை முற்றும் மறைந்துவிடவில்லை. பதிவேடு பட்டத்தை நோக்குமேயன்றி நாவை நோக்காது. கருவிகொண்டு செவிப்புலனை அளப்பதற்கு மொழி பெரிதன்று. ஒலி கேட்டதும் கையை உயர்த்துமாறு குழந்தைக்கு உணர்த்தினாற் போதும். பேச்சுப் பயிற்சியோ அத்தகையதன்று. தமிழில் ககர எழுத்து ஒன்றே, மலையாளத்தில் நான்கு. ஆதலின் தமிழ்க் குழந்தையிடம் பிழையாகாத ஒன்று மலையாளக் குழந்தையிடம் குறைபாடாகலாம். அவ்வளவு தூரம் போவானேன்? நெல்லைச் சீமைக் குழந்தை ‘அவிய வந்தாவ’ என்றால், வேற்றூர் வல்லுநர் சொல்லின் இறுதி தேய்ந்ததாகக் குறித்துக்கொள்ளக்கூடும். அது குறையன்று, தாய் வீட்டில் வழங்கும் பேச்சு.

எனவே பெற்றோர் வல்லுநரின் பதிவெண்ணைக் கேட்டறிவதோடு, அவர் எம்மொழியிற் பயிற்றுவார், தம் வீட்டு வழக்கை அறிவாரா என்பவற்றையும் முதல் நாளிலேயே கேட்டுக்கொள்ளல் வேண்டும். புளியரையிலிருந்து மலை கடந்து குழந்தையை அழைத்துச் செல்வோர்க்கு இது இன்னும் அவசியம்.