வேகமான கம்ப்யூட்டர் ஏன் தோற்றது?

கல்லூரி திறக்கும் மாதம் வந்தால் போதும், கோட்டுச்சேரியில் பல வீடுகளில் கம்ப்யூட்டர் பேச்சுதான். பக்கத்தில் திருவேட்டக்குடியிலேயே தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 2010-ல் தொடங்கியது. என்ஜினீயரிங் சேரும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாமா? நகையை அடகு வைத்தாவது வாங்கித் தரலாம் என்கிறாள் தாய். "எது ரொம்ப வேகமோ, அதைக் கொடுங்கள்" என்று கடையில் கேட்கிறார் தகப்பனார்.

அந்த ஒரு கேள்வி போதாது.

துடிப்பு எத்தனை?

கம்ப்யூட்டரின் மூளைக்குப் பிராசசர் என்று பெயர். சின்னஞ்சிறு சில்லு அது. அதற்குள் ஒரு கடிகாரம் ஓயாமல் துடிக்கிறது. கடை அட்டையில் "3 கிகாஹெர்ட்ஸ்" என்று போட்டிருந்தால், வினாடிக்கு 300 கோடி துடிப்பு என்று பொருள். அடேயப்பா!

துடிப்பு கூடினால் வேலையும் கூடும் என்று நினைப்போம். ஆனால் நடவு வயலுக்கு நாற்றுக் கட்டு சுமப்பவர்களைப் பாருங்கள். ஒருவர் ஓடி ஓடி ஒவ்வொரு கட்டாகக் கொண்டு போடுகிறார். இன்னொருவர் நிதானமாக நடந்து மூன்று மூன்றாகக் கொண்டு போடுகிறார். பொழுது சாயும்போது யார் போட்டது அதிகம் இருக்கும்? பிராசசரும் அப்படித்தான். இன்டெல் கம்பெனி 2004-ல் விற்ற பென்டியம் 4 சில்லு ஒன்று வினாடிக்கு 380 கோடி தடவை துடித்தது. அதே கம்பெனி 2006-ல் கொண்டுவந்த கோர் 2 சில்லின் துடிப்பு 293 கோடிதான். ஆனாலும் வேலையில் புதியது பழையதை முந்திவிட்டது.

ஆல்ஃபாவின் கதை

என்ஜினீயர்களும் விஞ்ஞானிகளும் பயன்படுத்தும் சக்தி வாய்ந்த கம்ப்யூட்டருக்கு "ஒர்க்ஸ்டேஷன்" என்று பெயர். 1990-களில் அமெரிக்காவின் சன், ஹெச்பி, சிலிக்கான் கிராபிக்ஸ், டிஜிட்டல் ஆகிய கம்பெனிகள் இதில் மோதிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பிராசசர் உண்டு.

1992-ல் டிஜிட்டல் கம்பெனி "ஆல்ஃபா" பிராசசரை இறக்கியது. துடிப்பு வினாடிக்கு 20 கோடி வரை! அப்போது நம் ஊர் ஆபீசுகளுக்கு வந்த சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இருந்தது இன்டெல் 486. அதில் வேகமானதற்கே துடிப்பு 6 கோடியே 60 லட்சம்தான். ஆல்ஃபாவை மிஞ்ச ஆள் இல்லை என்றார்கள்.

ஆனால் நடந்தது வேறு. ஒவ்வொரு வகைப் பிராசசருக்கும் தனிக் கட்டளை மொழி உண்டு. கணக்கு எழுதவும், கடிதம் அடிக்கவும், படம் வரையவும் கடைகளில் விற்ற சாப்ட்வேர்களில் பெரும்பாலானவை இன்டெல் மொழியில் இருந்தன. ஆல்ஃபாவுக்கு அந்த மொழி தெரியாது!

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்தது. அந்தக் காலத்துச் சொத்துப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், தமிழும் இங்கிலீஷும் மட்டும் தெரிந்த வக்கீல் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் என்ன செய்வார்? மொழிபெயர்ப்பாளரைத் தேடித்தான் போக வேண்டும். நாளும் ஆகும், பணமும் ஆகும்.

டிஜிட்டல் கம்பெனியும் அதையே செய்தது. இன்டெல் மொழியை ஆல்ஃபா மொழியாக மாற்றும் சாப்ட்வேர் ஒன்றை 1996-ல் கொடுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. விலையும் அதிகம். 1998-ல் கம்பெனியே காம்பாக் கைக்குப் போயிற்று. 2001-ல் ஆல்ஃபாவைக் கைவிடுவதென்று காம்பாக் முடிவு செய்தது.

ஆப்பிள் கம்பெனி கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். அது 1994, 2006, 2020 என்று மூன்று தடவை பிராசசர் மொழியை மாற்றியது. மூன்று தடவையும் மொழிபெயர்ப்பு சாப்ட்வேரையும் கொடுத்தது.

சென்னையில் பிறந்த சக்தி

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் "சக்தி" என்ற பிராசசரை வடிவமைத்தார்கள். புது மொழி ஒன்றை அவர்கள் உண்டாக்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய "ரிஸ்க்-ஃபைவ்" மொழியை எடுத்துக்கொண்டார்கள். அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மொழி. அதற்காக மற்ற நாட்டார் எழுதும் சாப்ட்வேர் சக்திக்கும் உதவும் அல்லவா? 2018-ல் சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது.

கடையில் என்ன கேட்பது?

முதலில், எந்தெந்த சாப்ட்வேர் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்திர பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ், கடைக் கணக்கு எழுதும் டேலி இரண்டும் விண்டோசுக்காக எழுதப்பட்டவை. ஆப்பிள் கம்ப்யூட்டரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டுப் பிறகு விழிக்கக் கூடாது.

விண்டோஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் பிராசசர் எது என்று கேளுங்கள். 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் வருகின்றன. பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். ஆனால் அவை பேசுவது இன்டெல் மொழி அல்ல. பழைய சாப்ட்வேர் பலவற்றை உள்ளே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஓட்டிவிடுவார். பிரின்டரை இயக்கும் "டிரைவர்" விஷயத்தில் மட்டும் அவர் உதவ மாட்டார். வீட்டில் பழைய பிரின்டர் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்த லேப்டாப்பில் செருகி, ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.