கூந்தல் சொல்லும் சேதி

புதுச்சேரியில் பெண்களுக்கு முடி உதிர்ந்தால், முதல் பழி தண்ணீர்மீதுதான் விழுகிறது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறிவருவது உண்மையே. ஆனால், உவர்நீர் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடியச் செய்யுமே தவிர, பெரும்பாலும் வேரைத் தொடுவதில்லை.

வேரின் சிக்கல் உடலுக்குள் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. பிரசவம், கடுங்காய்ச்சல், திடீர் எடைக்குறைப்பு ஆகியவற்றுக்குப் பின், வளரும் முடிகள் பெருமளவில் ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. இரண்டு, மூன்று மாதங்கள் கழித்தே உதிர்கின்றன. அதற்குள் உண்மைக் காரணம் மறந்துபோக, ஷாம்பு குற்றவாளியாகிறது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் தானே சீராகும். வகிடு ஆண்டுக்கணக்கில் அகன்றுகொண்டே போனால், மரபும் ஹார்மோனும் காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

தைராய்டு குறைபாடும் இரும்புச்சத்துக் குறைவும் மற்ற காரணங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது.

ஆகவே, எண்ணெயை மாற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வதே முறை. ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளில் தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முடி உதிர்வை வெறும் அழகுக் கவலையென ஒதுக்கும் குடும்பம், அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய ரத்தசோகையையும் சேர்த்தே ஒதுக்குகிறது.