ஆறிய சிரங்கும் வீங்கிய முகமும்

காலையில் பிள்ளையின் கண் இமைகள் உப்பியிருந்தால், ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டான் என்றுதான் நினைப்போம். மாலையில் பள்ளிக் காலுறையைக் கழற்றும்போது அதன் வார் கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருக்கும். சிறுநீர் கடும் தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போகும். இவை சேர்ந்து வந்தால் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். சில வாரங்களுக்கு முன் முழங்காலில் வந்து, தானே ஆறிப்போன சிரங்குதான் அதற்கு மூலமாகவும் இருக்கலாம்.

புண் ஓரிடம், சேதம் வேறிடம்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 'ஏ' பிரிவுக் கிருமி தொண்டையிலும் தோலிலும் புண்ணை உண்டாக்கும். இந்த நோயில் அது சிறுநீரகத்துக்குள் புகுந்து தாக்குவதில்லை. அதை அழிக்க உடல் உற்பத்தி செய்யும் எதிர்ப்புப் புரதங்கள், கிருமியின் துணுக்குகளோடு பிணைந்து சிறுநீரகத்தில் படிகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. படிவுகளைக் கண்ட நோய் எதிர்ப்பு மண்டலம் அங்கேயே தாக்கத் தொடங்க, வடிகட்டிகள் வீங்கி ரத்தமும் புரதமும் கசிகின்றன. உப்பும் நீரும் உடலில் தேங்கி, ரத்த அழுத்தம் ஏறுகிறது.

தொண்டைப் புண் வந்து 1 முதல் 2 வாரத்திலும், தோல் புண் வந்து 3 முதல் 6 வாரத்திலும் இந்த அழற்சி தலைகாட்டும். அதற்குள் புண் ஆறிவிடுவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

தோட்டத்துச் சொறி

சொறிப்பூச்சி தோலுக்குள் குடைகிறது; பிள்ளை சொறிகிறது; நகம் கீறிய இடத்தில் கிருமி புகுகிறது. நெருக்கமான வீட்டில் ஒரே பாயில் படுப்பவர்களுக்குச் சொறி எளிதில் தொற்றும். டிரினிடாட் தீவில் 1971இல் சொறி பரவியபோது, அதன் பின்னாலேயே சிறுநீரக அழற்சியும் கொள்ளை நோயாகப் பரவியது. மலேசியத் தமிழர்களான நம் முன்னோரைப் போலவே தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் மண் அது.

ரப்பர் தோட்டத்து லயங்களை விட்டு ஈப்போவின் சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் வந்த பிறகும் சொறி நம்மை விட்டபாடில்லை. மாணவர் விடுதியிலும் நெருக்கடியான அடுக்குமாடி வீட்டிலும் அது இன்றும் உண்டு. ஆனால் அடக்கக்கூடியதே. ஃபிஜியில் ஊரோடு எல்லாருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஓராண்டில் சொறி 94 விழுக்காடும் சிரங்கு 67 விழுக்காடும் குறைந்தன.

பெரியவர்களும் தப்புவதில்லை

5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கே இந்தச் சிறுநீரக அழற்சி அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் முழுமையாகத் தேறிவிடுவர். பெரியவர்கள் கதை வேறு. இனிப்பு நீர் உள்ளவரின் காலில் ஆறாத புண் இருந்தால், ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியும் இதே வகை அழற்சியைத் தூண்டலாம். அப்போது சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் அபாயம் அதிகம்.

மருத்துவமனையில்

சிறுநீர்ச் சோதனை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ஆகியவை முதலில் பார்க்கப்படும். ரத்தத்தில் சி3 என்ற புரதம் குறைந்திருப்பது முக்கியத் தடயம். பெரும்பாலும் 8 வாரத்துக்குள் அது சீராகிவிடும். சீராகாவிட்டால் வேறு நோய் உண்டா என்று மருத்துவர் தேடுவார். உப்பைக் குறைத்தல், சிறுநீர் பெருக்கும் மருந்து, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து ஆகியவையே சிகிச்சையின் அடிப்படை. பெனிசிலின் உடலில் மிஞ்சிய கிருமியை ஒழித்து, பிறருக்குப் பரவாமல் தடுக்கும். தொடங்கிவிட்ட அழற்சியை அது நிறுத்திவிடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

- சொறிக்கு வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அரிப்பு இல்லாதவரும் விதிவிலக்கல்ல. துணி, விரிப்பை வெந்நீரில் துவைக்கவும்.
- சிரங்கின் மேல் மஞ்சளை அப்பி மூடிவைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவவும். நகத்தை ஒட்ட வெட்டவும்.
- ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முடிக்கவும்.
- வீக்கம் இருக்கும்போது மேகி மீ, கிச்சாப், கருவாடு, ஊறுகாய் வேண்டாம். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தரக்கூடாது.
- கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முகம் வீங்கிய பிள்ளையை மருத்துவரிடம் காட்டும்போது, "போன மாதம் இவனுக்குச் சிரங்கு இருந்தது" என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். ஆறிய புண்ணைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.