இல்லமொழியும் பள்ளிமொழியும்: பெங்களூரின் தமிழ்க் குழந்தைகள்

1. முன்னுரை

ஜீவனஹள்ளி என்னும் ஊர்ப்பெயரின் இறுதிக்கூறாகிய ‘ஹள்ளி’ கன்னடத்தில் சிற்றூரைக் குறிக்கும். அதுவும் தமிழ்ப் ‘பள்ளி’யும் ஓரினச் சொற்கள். ஆயினும் கிழக்குப் பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள இப்பகுதி போன்ற இடங்களில், தமிழ்க் குழந்தைக்குப் பள்ளி எளிதில் தன்னதாகிவிடுவதில்லை.

1809இல் பெங்களூரில் பிரித்தானியப் படைமுகாம் அமைந்ததை ஒட்டித் தமிழர் குடியேற்றம் பெருகியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 21 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். இவர்களுள் பல தலைமுறையாக வாழ்வோர் ஒரு வகையினர். வேலை தேடி அண்மையில் வந்தோர் மற்றொரு வகையினர். பின்னவரின் குழந்தைகளுக்குப் பள்ளி எவ்வாறு துணைநிற்கலாம் என்பதை இக்கட்டுரை மொழியியல் நோக்கில் விளக்குகிறது.

2. இடர்ப்பாட்டின் இயல்பு

தமிழில் ககரம் ஓர் எழுத்தே. அதன் ஒலிப்பு வேறுபாடு பெரிதும் இடத்தைச் சார்ந்தது. கன்னடத்திலோ ஒலிப்பிலா ஒலி, ஒலிப்புடை ஒலி, அவற்றின் மூச்சொலிகள் என நான்கு எழுத்துகள் உள்ளன. கன்னடத்தில் ‘காளி’ என்பதன் முதலொலி ஒலிப்பிலாததாயின் தெய்வப்பெயர், ஒலிப்புடையதாயின் காற்று. இவ்விரண்டையும் மயக்கி எழுதும் தமிழ்க் குழந்தை கவனக்குறைவால் பிழை செய்வதாகக் கருதுதல் பொருந்தாது. அப்பிழை இல்லமொழியின் ஒலியன் அமைப்பிலிருந்து எழுவது; எனவே முன்கூட்டியே அறியத்தக்கது.

மற்றொரு இடர் கண்ணுக்குப் புலப்படாதது. தெருவில் விளையாடும் குழந்தை பேச்சுக் கன்னடத்தை விரைவிற் கற்றுக்கொள்கிறது. அதனைக் கண்ட ஆசிரியர் மொழிச்சிக்கல் தீர்ந்ததாகக் கொள்வர். ஆனால் ‘குணாகார’ (பெருக்கல்), ‘பாகாகார’ (வகுத்தல்) போன்ற பாடச்சொற்கள் தெருவில் வழங்குவன அல்ல. உரையாடல் திறன் வேறு, கல்விமொழித் திறன் வேறு என்பதை ஜிம் கம்மின்ஸ் 1979இல் வேறுபடுத்திக் காட்டினார். ஒரு மொழியில் பெற்ற எழுத்தறிவும் கருத்தறிவும் மற்றொரு மொழிக் கற்றலுக்குத் துணைசெய்யும் என்பதும் அவர் கருத்து. ஆகவே தமிழைக் கைவிடுதல் கன்னடம் கற்பதற்கு வழியாகாது.

3. சட்டப் பின்னணி

1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதிகளை வலியுறுத்துகிறது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியையோ கன்னடத்தையோ பயிற்றுமொழியாக்கிய கருநாடக அரசின் 1994ஆம் ஆண்டு ஆணையை ஏற்காத உச்சநீதிமன்றம், 2014இல் பயிற்றுமொழித் தெரிவைப் பெற்றோருக்குரியதாக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. வயதுச் சான்றின்மையோ மாற்றுச் சான்றிதழின் தாமதமோ சேர்க்கைக்குத் தடையாகாது என்பதும், வயதுக்குரிய வகுப்பில் சேர்வோருக்குச் சிறப்புப் பயிற்சி உண்டு என்பதும் அச்சட்டத்தின் கூறுகள். இடம்பெயரும் குடும்பங்கள் முதலில் அறிய வேண்டியவை இவையே.

4. பள்ளி செய்யத்தக்கவை

முதலாவதாக, சேர்க்கையின்போது ‘தாய்மொழி யாது?’ என்னும் ஒற்றை வினா போதாது. வீட்டில் பேசும் மொழி, குழந்தை படிக்கத் தெரிந்த மொழி, முன்பு பயின்ற மொழி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டல் வேண்டும்.

இரண்டாவதாக, இரு மொழிகளின் ஒப்புமையைக் கற்பித்தற் கருவியாக்கலாம். பத்து–ஹத்து, பால்–ஹாலு, புலி–ஹுலி என்னும் இணைகளைக் காணும் குழந்தை பகர–ஹகர உறவைத் தானே கண்டுகொள்ளும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் வழி இது.

மூன்றாவதாக, கணக்கறிவையும் கன்னட அறிவையும் பிரித்து மதிப்பிடுதல் வேண்டும். வினாவைத் தமிழில் கேட்டால் விடைகூறும் குழந்தைக்குக் கணக்குத் தெரியும். தெரியாதது வினாவின் மொழியே.

நான்காவதாக, பெற்றோருடன் பேசுவதற்குக் குழந்தையையே மொழிபெயர்ப்பாளராக்குதல் தகாது. தன் குறையைத் தானே பெயர்த்துக் கூறும் நிலை குழந்தைக்கும் நன்றன்று, செய்திக்கும் நன்றன்று. பள்ளி அறிவிப்பைத் தமிழாக்குவோர் தமிழின் இரட்டை வழக்கை மறத்தலாகாது. ‘மாற்றுச் சான்றிதழ்’ என்று மட்டும் எழுதினால் விளங்காத பெற்றோருக்கு ‘டி.சி.’ என்றால் விளங்கும். எழுத்தறியாதோருக்கு வாய்மொழி விளக்கமே மொழிபெயர்ப்பாகும்.

5. முடிவுரை

கன்னடம் கற்றல் இக்குழந்தைகளின் வாழ்வுக்கு இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் எழுத்தறிவு பெறாமலும் கன்னடத்தில் பாடம் விளங்காமலும் வகுப்பில் மௌனமாக அமர்ந்திருக்கும் குழந்தை, இரு மொழிகளுக்கும் இழப்பாகும். அம்மௌனத்தை அறிவின்மை எனக் கொள்ளாது, மொழிநிலை எனக் கண்டறிதலே பள்ளி செய்யத்தக்க முதல் உதவியாகும்.